மோட்கேஜ் பத்திரத்தில் இருக்கும் அந்த எண்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் 800,000 டொலருக்கு வீடு வாங்குகிறோம். கடன் 600,000. அடுத்த கிழமை கையொப்பம். சட்டத்தரணி அனுப்பிய மோட்கேஜ் பத்திரம் சில பக்கங்கள்தான். ‘ஸ்டாண்டர்ட் சார்ஜ் டேர்ம்ஸ்’ என்று ஓர் எண் இருக்கிறது, நிபந்தனைகளைக் காணவில்லை. கடன்தொகை என்ற இடத்தில் 1,000,000 என்று போட்டிருக்கிறது. பிழையா?

பதில்: பெரும்பாலும் பிழையாக இராது. ஆனால் இரண்டும் விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

முதலில் எண். ஒன்ராறியோவின் காணிப் பதிவுச் சீர்திருத்தச் சட்டப்படி, கடன் கொடுக்கும் நிறுவனம் தன் வழமையான நிபந்தனைகளை ஒருமுறை பதிவுசெய்து ஓர் எண் பெறலாம். பிறகு பத்திரத்தில் எண்ணைக் குறித்தாலே போதும், தொகுப்பு முழுவதும் அதில் எழுதியிருப்பதாகவே கொள்ளப்படும். வாசிக்கவில்லை என்று பின்னர் சொல்லித் தப்ப முடியாது. அதனால் இன்றே சட்டத்தரணியிடம் பிரதி கேளுங்கள். பிரதி கிடைத்ததாக ஒப்புக்கொள்ளும் வரி பத்திரத்தில் இருக்கும். கைக்கு வராமல் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் வேறொரு தொகுப்பு உங்கள் வீட்டின்மேல் ஏறிவிடும்.

தொகுப்பில் முதலில் தேட வேண்டியது வாடகை பற்றிய பிரிவு. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டும் எண்ணம் இருந்தால், அதற்கு எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமா என்று பாருங்கள். அடுத்தது, இரண்டாவது மோட்கேஜ் எடுப்பதற்கான தடை. இவற்றை மீறுவது தவணை தவறுவதற்குச் சமம் என்றும், முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்றும் பல தொகுப்புகளில் இருக்கும். ‘பவர் ஒஃப் சேல்’ முறையில், அதாவது கடன் கொடுத்த நிறுவனமே வீட்டை விற்க, வழமையாகத் தவறி 15 நாள் கழித்து அறிவித்தல் தருவார்கள், அதற்குப் பின் குறைந்தது 35 நாள். அவகாசம் அவ்வளவுதான்.

பத்திரத்தில் நேரடியாக எழுதியதும் தொகுப்பும் முரண்பட்டால், நேரடியாக எழுதியதே செல்லும். புரோக்கர் “பேஸ்மென்ட் பரவாயில்லை” என்று வாயால் சொன்னால் போதாது. அந்தச் சலுகையை இணைப்பில் ஒரு வரியாக எழுதுவியுங்கள்.

இனி அந்தத் தொகை. 800,000இன் 125 வீதம்தான் 1,000,000. இது ‘கொலட்டரல் சார்ஜ்’ ஆக, அதாவது எடுத்த கடனைவிடக் கூடிய தொகைக்கும் வீட்டின்மேல் பதியக்கூடிய பிணையாக இருக்க வேண்டும். வட்டி நீங்கள் எடுத்த 600,000க்குத்தான். பின்னர் தகுதி இருந்தால், புதிதாகப் பதியாமலே அதே நிறுவனத்தில் மேலதிகக் கடன் எடுக்கலாம், அது வசதிதான். சிக்கல் நிறுவனம் மாறும்போது வரும். சாதாரண மோட்கேஜைப்போல இலகுவாக மாற்ற முடியாது. பல இடங்களில் பழையதை நீக்கி, புதிதாகப் பதிந்து, சட்டச் செலவும் கட்ட நேரும். அங்கேயே உங்களுக்கு லைன் ஒஃப் கிரெடிட் (வேண்டியபோது எடுத்துக் கட்டும் கடன் வரம்பு) இருந்தால், அதுவும் இந்தப் பதிவின்கீழ் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், அதையும் அடைத்த பின்தான் வீடு விடுபடும்.

ஐந்து வருடத்தில் குறைந்த வட்டி தேடி மாறும் யோசனை இருந்தால், 600,000க்கே சாதாரண சார்ஜாகப் பதிய முடியுமா என்று நிறுவனத்திடம் நாளைக்கே கேளுங்கள். கையொப்ப நாளன்று கேட்டால் சட்டத்தரணிக்குப் புதிய அறிவுறுத்தல் வர வேண்டும். வீடு கைமாறும் திகதி தள்ளிப்போகலாம்.