எஞ்சினைப் பிறகு பார்க்கலாம், முதலில் சேசியைத் தட்டுங்கள்

கேள்வி: 1994ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜிரோ, 2.5 லீற்றர் டர்போ டீசல். அப்பா வாங்கியது, வாகனப் பதிவுப் புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான். அவர் காலமாகி மூன்று வருடம். அன்றிலிருந்து வண்டி வத்தளை வீட்டு முற்றத்தில் நிற்கிறது. கடைசியாக ஓடியபோது தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, வெள்ளைப் புகை தள்ளியது, டாஷ்போர்டில் நான்கு சில்லுப் படத்தின் நடு லைட் மின்னிக்கொண்டே இருந்தது. பின் சில்லுக்கு மேலே சேசியில் விரல் போகும் ஓட்டை. எஞ்சினும் ட்ரான்ஸ்பர் கேஸும் (எஞ்சின் பலத்தை முன், பின் சில்லுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) மாற்ற வேண்டும் என்று கராஜில் 18 லட்சம் சொல்கிறார்கள். ஒரு தரகரோ, "கழற்றி விற்போம், புத்தகத்தையும் சேசி நம்பர் உள்ள துண்டையும் மட்டும் எனக்கு வேறாகத் தாருங்கள், அதற்குத் தனிக் காசு" என்கிறார். திருத்துவதா, கழற்றி விற்பதா?

பதில்: கராஜ்காரர் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார், தரகர் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு பேரில் ஒருவரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த ரக பஜிரோவில் பொடி என்ற மேற்கூடும் சேசியும் வேறு வேறு. சேசி என்ற ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல்தான் மற்றதெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நாளைக்கும் வாங்கலாம், அடுத்த வருடமும் வாங்கலாம். உங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கும் சேசியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்டாலும் முப்பது வருடப் பழைய பஜிரோ இனித் துறைமுகத்தில் இறங்கப்போவதில்லை. ஆகவே தீர்ப்புச் சொல்ல வேண்டியது சேசியும் புத்தகமும்தான்.

ஒரு சிறு சுத்தியலும் கூரான ஸ்குரூ ட்ரைவரும் எடுங்கள். சமதளமான இடத்தில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். முன்னிருந்து பின்னாக, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு பக்கச் சட்டத்தையும் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே கறள் தின்ற இடம் பலகையைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். அப்படிக் கேட்கும் இடத்தில் ஸ்குரூ ட்ரைவரை ஊன்றி அழுத்துங்கள், சட்டத்தின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். சட்டம் பெட்டி போல உட்குழிவானது. சேறும் உப்புக் காற்றும் உள்ளே போய்த் தங்கும், வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கறையான் அரித்த மரம் போலாகிவிடும். வத்தளை போன்ற கடற்கரையோரத்தில் மூன்று வருடம் அசையாமல் நின்ற வண்டிக்கு இதுதான் முதல் நோய்.

பின் அக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், சுருள் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், அக்சிலை முன்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கைகள் பொருந்தும் பிராக்கெட்: இவை உடலுக்கு முதுகெலும்பு மாதிரி. இந்த மூன்றில் ஏதாவது இரண்டு, வண்டியின் இரு பக்கமும் உக்கியிருந்தால் திருத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹட்டன் ஏற்றத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் அந்த ஒட்டு தன் குணத்தைக் காட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்தக்கூடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஓட்டை ஸ்பிரிங் கிண்ணத்துக்குப் பின்னால், பம்பர் வரைக்கும் போகும் வால் துண்டில் மட்டும் இருந்தால் சேசி செத்துவிடவில்லை. அந்த வால் அக்சிலைத் தாங்குவதில்லை. பொடியின் பின்பாதியையும் பம்பரையும்தான் தாங்குகிறது. அதைத் திருத்தலாம், ஆனால் ஓட்டைக்கு மேலே தகட்டை வைத்து அடிக்கும் வெல்டிங் திருத்தம் ஆகாது. கறள் பிடித்த இரும்பை வெட்டி அகற்றி, நல்ல இரும்பு தெரியும் வரை திறக்க வேண்டும். உள்ளே சுரண்டித் துப்புரவாக்கி, 3 மில்லிமீற்றர் தகட்டால் நல்ல இரும்பின் மீது தாராளமாகப் படியும்படி மூட வேண்டும். தகட்டின் முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். நேர்க்கோட்டில் குறுக்கே ஓடும் வெல்டிங்தான் பிறகு வெடிப்பு ஓடும் பாதை. ஒரே இழுப்பில் அடிக்காமல் இடம் மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாக அடித்தால் சட்டம் முறுகாது. தொடங்கும் முன் பெட்டரியின் இரண்டு வயரையும் ஓல்டர்நேட்டர் வயரையும் கழற்ற வேண்டும், டீசல் டாங்கியை இறக்க வேண்டும். முடிந்தபின் தண்ணீர் வடியும் துவாரங்களைத் திறந்தே விட்டு, உள்ளே மெழுகு எண்ணெய் அடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வண்டியில் சேசி நம்பர் அடித்திருப்பது வலப்பக்கச் சட்டத்தில், பின் சில்லுக்கு அருகே. கறள் முதலில் தின்பதும் அந்தப் பகுதியைத்தான். உங்கள் ஓட்டை வலப்பக்கம் என்றால், கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைத்து நம்பரைத் தேடுங்கள். கிரைண்டர் அங்கே படவே கூடாது. நம்பர் தெளிவாக வாசிக்கக் கிடைத்தால் படம் எடுத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு, கிறீஸ் பூசி மூடிவிடுங்கள். நம்பர் இருக்கும் இடமே உக்கியிருந்தால், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பரிசோதகர் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு போய் விளக்கம் சொன்னால், நேர்மையான சொந்தக்காரரும் களவு வண்டிக்காரராகத்தான் தெரிவார்.

மின்னும் அந்த லைட்டுக்கு வருகிறேன். இதற்காக ட்ரான்ஸ்பர் கேஸ் மாற்றச் சொன்னது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நான்கு சில்லு ஓட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் முன் டிஃபரன்ஷலில் உள்ள ஒரு இணைப்பு காற்றுறிஞ்சலால் பூட்டித் திறக்கிறது. எஞ்சின் அறையில் உள்ள மின்சாரத்தால் திறந்து மூடும் இரண்டு சிறிய சொலனாய்டு வால்வுகளும் மெல்லிய ரப்பர் குழாய்களும் அதை இயக்குகின்றன. பூட்டியதா திறந்ததா என்று சுவிட்சுக்குத் தெரியாவிட்டால் லைட் மின்னும். முப்பது வருட ரப்பர் வெடித்திருக்கும், சொலனாய்டு இறுகியிருக்கும், சுவிட்சின் வயர் பச்சை பிடித்திருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். குழாய்களை முழுதாக மாற்றுங்கள். பிறகு சொலனாய்டுகளுக்கு 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், 'டிக்' என்று கேட்க வேண்டும். இதெல்லாம் பார்த்து முடியும் வரை ட்ரான்ஸ்பர் கேஸுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

எஞ்சின் 4டி56. இதன் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், அலுமினியம். சூடேறினால் வால்வு இருக்கைகளுக்கு நடுவே வெடிக்கும். தண்ணீர் குறைவதும் வெள்ளைப் புகையும் ஹெட்டையோ அதன் அடியில் உள்ள கெஸ்கட்டையோ காட்டுகின்றன. முழு எஞ்சினும் போய்விட்டது என்பதற்கு அவை சாட்சியில்லை. ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் ஒரே சுற்றில் பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்துவிடும். குளோ பிளக் நான்கையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமில்லாமல் சுற்றினால் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் தண்ணீர் அழுத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். ஹெட்டையும் புளொக்கையும் சேர்த்து 0.2 மில்லிமீற்றருக்கு மேல் சீவ இடமில்லை. வெடித்த ஹெட்டை ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிப் புது ஹெட் போடுங்கள். ரேடியேட்டரும் விசிறிக் கிளச்சும் அதோடு சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும். சூடேறிய காரணத்தைத் திருத்தாமல் ஹெட்டை மட்டும் மாற்றினால் புது ஹெட்டும் வெடிக்கும். டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு ஒரு சின்ன பெல்ட் இருக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அது அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் இழுத்து அறுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

முழு எஞ்சின்தான் வேண்டுமென்று உறுதியானால், "ஜப்பான் எஞ்சின், அதிகம் ஓடாதது" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். புதிதாகச் சாம்பல் பெயின்ட் அடித்த எஞ்சின் எதையோ மறைக்கிறது. டர்போ இல்லாத வான் எஞ்சினைப் பஜிரோ எஞ்சின் என்று தள்ளிவிடுவார்கள். டீசல் பம்ப் வேறு, டர்போவுக்கான ஒயில் பாதை இருக்காது. கடையிலேயே நான்கு சிலிண்டர் அழுத்தமும் பார்த்து, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் நம்பர் புத்தகத்தில் பதியப்படும் ஒன்று. எனவே பற்றுச்சீட்டும் இறக்குமதி ஆவணப் பிரதியும் இல்லாத எஞ்சின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உங்களை ஒரு குறிப்பிட்ட கடைக்கு மெக்கானிக்கே கூட்டிப் போனால், அவருக்கு அங்கே கொமிஷன் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள்.

இப்போது தரகர். அவர் கேட்பது உதிரிப்பாகம் இல்லை, உங்கள் வண்டியின் பெயர். சட்டவிரோதமாகக் கோத்த அல்லது களவாக வந்த வண்டிக்கு உங்கள் நம்பரை வெட்டி ஒட்டி, உங்கள் புத்தகத்தைக் காட்டி ஓட்டுவார்கள். அந்த வண்டி யாரையாவது அடித்தாலோ பொலிஸில் பிடிபட்டாலோ முதலில் தட்டப்படுவது வத்தளை வீட்டுக் கதவு. தனிக் காசு எவ்வளவு என்றாலும் கொடுக்காதீர்கள். "ஓபன் பேப்பர்" என்று வெற்றுப் படிவத்தில் கையொப்பம் கேட்பதும் இதே வலைதான். உங்கள் விஷயத்தில் அது இன்னும் மோசம். காலமானவரின் கையொப்பத்தை யார் போட்டாலும் கள்ளக் கையொப்பம்.

ஆகவே திருத்துவதோ விற்பதோ, முதலில் அம்மா, சகோதரர்கள் சம்மதத்தோடு உரிமையைச் சட்டப்படி மாற்றுங்கள். ஒரு சட்டத்தரணியிடம் இறப்புச் சான்றிதழையும் புத்தகத்தையும் காட்டி, என்ன ஆவணம் தேவை என்று எழுதி வாங்கிக்கொண்டு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போங்கள். அலைச்சல் இருக்கும். ஒரு கவுன்டரில் சொன்னதை அடுத்த கவுன்டர் மறுக்கும். இந்தத் திணைக்களம் இறந்தவர் வண்டிக்கு ஒரு தெளிவான வழியை ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் பாதித் தரகர்கள் பிழைப்பில்லாமல் போயிருப்பார்கள். மக்களை அலையவைத்துவிட்டு ஓபன் பேப்பர் குற்றம் என்று சொல்வதில் என்ன பயன்? வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரம் புதுப்பிக்காத மூன்று வருடக் கணக்கையும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வண்டி பாவனையில் இல்லை என்று முன்பு அறிவித்திராவிட்டால் நிலுவையும் தண்டமும் சேர்ந்திருக்கும்.

கணக்குப் போடும்போது கராஜின் 18 லட்சத்தை அப்படியே எடுக்காதீர்கள். ட்ரான்ஸ்பர் கேஸைக் கழியுங்கள், எஞ்சினுக்குப் பதில் ஹெட் விலையைப் போடுங்கள். பிறகு அவர் எழுதாததைச் சேருங்கள்: நின்றுபோன பிரேக் சிலிண்டர்கள், ஐந்து டயர், பெட்டரி, டாங்கித் துப்புரவு, பம்ப் சீல், சேசி வெல்டிங், புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் இன்ஜெக்டர் வேலை. வரும் தொகையில் நான்கில் ஒரு பங்கைக் கைக்காவலாகக் கூட்டுங்கள். உங்களுடையது போலவே ஓடும் பஜிரோவின் சந்தை விலையில் பாதியை அது தாண்டாமல், சேசியும் நன்றாக இருந்தால், திருத்துங்கள்.

சேசி தோற்றால் கழற்றுங்கள், ஆனால் நீங்களே நின்று கழற்றுங்கள். தரகரிடம் விட்டால், அவர் கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல், கதவுகள், பின்கதவு, லைட்டுகள், அலோய் சில்லுகள் ஆகியவற்றை ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு, வெறும் கூட்டை உங்கள் முற்றத்தில் விட்டுப் போவார். கியர்பொக்ஸையும் ட்ரான்ஸ்பர் கேஸையும் பிரிக்காமல் லீவர், கேபிள், சொலனாய்டுகளோடு ஒரே தொகுதியாக விற்றால் விலை கூடும். வயரிங்கை வெட்டாதீர்கள். பிளக்கில் கழற்றி, ஒவ்வொன்றிலும் துண்டுக் கடதாசி கட்டி வையுங்கள், வெட்டிய வயர் செம்பு விலைக்குத்தான் போகும். கண்ணாடிகளை ரப்பரோடு எடுங்கள். விற்கும் ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் வாங்குபவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு பற்றுச்சீட்டு எழுதுங்கள். பதிவை ரத்துச் செய்ய விண்ணப்பித்துக் கடிதம் கைக்கு வரும் வரை நம்பர் உள்ள சட்டத்தை வீட்டை விட்டு நகர்த்தாதீர்கள். வந்த பிறகு அதைப் பழைய இரும்புக்குப் போடும் நாளில், நம்பர் இருந்த இடம் துண்டுதுண்டாக வெட்டப்படுவதை நேரில் நின்று பாருங்கள்.