செருப்பு விட்ட வாசல்

அன்புள்ள அக்காவுக்கு,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மலை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். போன ஐப்பசியில் நண்பர்கள் மூன்று பேர் மூணாறு பக்கம் மீசைப்புலிமலைக்குப் போனோம். அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான். ராத்திரி கூடாரத்தில் தங்கல், காலையில் ஏற்றம். ஐந்து மணிக்குத் தயாராக இருக்கச் சொன்னார், எங்களுக்கு ஆறரை ஆகிவிட்டது. உச்சிக்குப் போகும்போது ஒன்பதரை. ஒன்றுமே தெரியவில்லை அக்கா. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நாலாபக்கமும் வெள்ளை. பக்கத்தில் நிற்பவன் முகமே மங்கல். இதற்கா இவ்வளவு செலவு, இரண்டு நாள் லீவு என்று ஆகிவிட்டது. இறங்கும்போது போட்டோ எடுக்க நின்றதில் பின்தங்கி, வேறு ஒரு முகட்டில் நாற்பது நிமிடம் இறங்கிவிட்டோம். விசில் சத்தம் கேட்டுத் திரும்ப ஏறி வந்தால், வழிகாட்டி எல்லார் முன்னாலும் கன்னாபின்னாவென்று திட்டினார். காசு கொடுத்து வந்தவர்களை இப்படிப் பேசலாமா? இனி மேகம் இருக்கிற மாதத்தில் மலைப்பக்கமே போவதில்லை என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பி.கு.: ஏறும்போது ஏழரை மணி வாக்கில் இரண்டு நிமிடம் வெயில் வந்தது. அப்போது எதிரே மேகத்தில் தன் நிழல் விழுந்ததாகவும், தலையைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிந்ததாகவும் ஒருவன் சொல்கிறான். அவனுக்குச் ‘சாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

க., திருமங்கலம்

*

அன்புள்ள தம்பி,

உச்சியில் ஒன்றும் தெரியாத துக்கத்தை வரிவரியாக எழுதிவிட்டு, வேறு முகட்டில் நாற்பது நிமிடம் இறங்கியதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். காட்சிக்குப் பிறகு வருகிறேன்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிப் போயிருப்பீர்கள். உள்ளே போக எந்தக் கோபுர வாசலும் சரிதான், எதில் நுழைந்தாலும் சன்னதிக்குப் போய்விடலாம். வம்பெல்லாம் வெளியே வரும்போதுதான். கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து, கொதிக்கிற சித்திரை வீதியில் வெறுங்காலோடு ஓடுகிற குடும்பங்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறோம் இல்லையா. மலையும் அப்படித்தான். ஏறும்போது கிளைமுகடுகள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே வரும். எங்கே ஏறினாலும் ‘மேலே’ என்ற ஒரு திசை போதும். இறங்கும்போது அதே முகடுகள் பிரிந்துகொண்டே போகும். ‘கீழே’ என்பது ஒரு திசை இல்லை, பத்துத் திசை. வெயில் அடித்தால் கண்ணுக்குக் கூடாரம் தெரியும், ஓடை தெரியும், தப்பு பத்தடியில் புரிந்துவிடும். மேகத்துக்குள் எல்லாச் சரிவும் ஒரே சரிவுதான். போதாததற்கு அந்தப் புல்வெளியில் வரையாடும் காட்டுமாடும் நடந்து நடந்து போட்ட தடங்கள் மனிதர் போட்ட ஒற்றையடிப்பாதையை விட நன்றாகவே இருக்கும். நீங்கள் போனது அப்படி ஒரு தடமாகத்தான் இருக்கும். மாடு உங்கள் கூடாரத்துக்குப் போக அதைப் போடவில்லை.

எனக்கு இது தெரிந்தது அறிவால் இல்லை, அடிபட்டுத்தான். பல வருடம் முன்பு, பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து ஏறி வெள்ளகவியில் ராத்திரி தங்கினோம், நான், இரண்டு தோழிகள், ஒரு தோழியின் அண்ணன். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலுக்குக் கீழே, அப்போது சாலை இல்லாத ஊர். ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், நாமும் கழற்றிவிட வேண்டும். (செருப்புக் கதையாகவே போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) சாயங்காலம் ஊருக்கு மேலே இருந்த ஒரு மேட்டில் சூரியன் விழுவதைப் பார்க்கலாம் என்று ஏறினோம். அரை மணி நேர ஏற்றம், பேசிக்கொண்டே போனோம், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மேகம் வந்து மூடிக்கொண்டது. இறங்கினோம், இறங்கினோம், ஊர் வரவே இல்லை. இருட்டிய பிறகு கீழேயிருந்து நாய் குரைக்கிற சத்தம் வந்தது, ஆனால் மேகத்துக்குள் சத்தம் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை, ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறோம். நல்லவேளையாக அண்ணன் ‘இனி ஒரு அடி யாரும் வைக்கக் கூடாது’ என்று உட்கார வைத்துவிட்டார். ஊர்ப் பையன்கள் இருவர் டார்ச்சோடு வந்து கூட்டிப் போனார்கள். நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி கடுங்காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். ‘போறப்ப கழுத்தத் திருப்பிப் பாக்க மாட்டீகளா? வந்த வழி வரும்போது வேற மூஞ்சியா இருக்கும்னு தெரியாது?’

அதற்கு மேல் ஒரு மலையேற்றப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்துவிடவில்லை. பாதை பிரிகிற இடம், முகடு சேருகிற இடம், பெரிய பாறை, ஒற்றை மரம், ஒவ்வொன்றிலும் நின்று திரும்பி, இறங்கும்போது இது எப்படித் தெரியும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பதென்றால் அதை எடுங்கள். போனில் வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், மேகம் ஜிபிஎஸ்ஸைத் தடுக்காது. ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், ஈரக்கையில் திரையும் சொன்னபடி கேட்காது. சந்தேகம் வந்த இடத்தில் நின்றுவிடுங்கள், ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ என்பதில்தான் உங்களுடைய நாற்பது நிமிடம் போயிருக்கும். ஆளுக்கொரு விசில் கழுத்தில் கிடக்கட்டும், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். இன்னொன்று, ராத்திரி மூடுபனியில் நெற்றி விளக்கை நெற்றியில் மாட்டாதீர்கள். வெளிச்சம் பனித்துளியில் பட்டு அப்படியே கண்ணுக்குத் திரும்பி வரும், லாரி ஹைபீம் போட்ட மாதிரி. கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் காலடி தெரியும்.

குளிரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் திருமங்கலத்து ஆட்கள், ஜீன்ஸும் பருத்திச் சட்டையுமாகத்தான் போயிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம், மீசைப்புலிமலை 2,640 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியை விட 55 மீட்டர்தான் குறைவு. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்று வைத்தாலே இங்கே ராத்திரி 24 என்றால் அங்கே ஒன்பது. அதில் நனைந்த ஜீன்ஸோடு காற்றில் நின்றால் முதலில் கை நடுங்கும், அப்புறம் புத்தி மந்தமாகும். அந்த நாற்பது நிமிடம் நான்கு மணி நேரம் ஆகியிருந்தால் உங்களுக்கு ஆபத்து பள்ளத்திலிருந்து வந்திருக்காது, சட்டையிலிருந்து வந்திருக்கும். பைக்குள் ஒரு உரச்சாக்கின் உள்ளுறையைக் கழுவிக் காயவைத்துப் போட்டு, அதற்குள் ஒரு செட் மாற்றுத் துணி. விலை உயர்ந்த பைக்கு மேல் போடும் உறையை விட இது நம்பகம்.

சரி, காட்சிக்கு வருவோம். அதற்கு மேகத்தைத் திட்டாதீர்கள், ஆறரை மணியைத் திட்டுங்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிக் கிடக்கும், மேகமும் அங்கேயே தங்கிவிடும். விடியலில் உச்சி அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு. வெயில் ஏற ஏற அந்தக் காற்று சூடாகிச் சரிவைப் பிடித்து மேலே வரும், மேகத்தையும் கூட்டிக்கொண்டு. தினமும் அதே மலையில் நிற்பவருக்கு இது தெரியும். ஐந்து மணி என்று அவர் சொன்னது உங்கள் தூக்கத்தைக் கெடுக்க இல்லை. ஐப்பசியில் முழுநாளும் மூடியே இருக்கிற நாளும் உண்டு, உங்கள் நாள் அப்படி இல்லை, ஏழரைக்கு வெயில் வந்திருக்கிறதே.

அந்த ஏழரைதான் எனக்குப் பொறாமை. உங்கள் ‘சாமியார்’ பொய் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியன், முன்னால் சரிவில் கொஞ்சம் கீழே மேகம், இரண்டும் அமைந்தால் நிழல் மேகத்தின் மேல் விழும். தலை நிழலைச் சுற்றி வண்ண வட்டங்கள் தெரியும். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வருவது அது. ஜெர்மனியில் புரோக்கன் என்று ஒரு மலை, 1,141 மீட்டர்தான், அங்கே இதைப் பார்த்து 1780-இல் எழுதி வைத்ததால் புரோக்கன் பூதம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால் வட்டம் அவரவர் தலையைச் சுற்றி மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவன் நிழல் தெரிந்தாலும் அதற்கு வட்டம் இருக்காது. நீங்கள் அந்த இரண்டு நிமிடம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியவில்லை, மேற்கே பார்த்திருந்தால் நீங்களும் சாமியார்தான். இருபது வருடமாக மலையேறுகிறேன், எனக்கு ஒரே ஒரு முறைதான் வாய்த்தது, அதுவும் அரைகுறையாக.

வழிகாட்டி விஷயம். எல்லார் முன்னாலும் திட்டினார் என்று சொல்கிறீர்கள். அவர் எத்தனை பேரை அங்கே நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரம் விசில் ஊதிக்கொண்டு நின்றிருப்பார் என்று கணக்குப் போட்டீர்களா? அந்த முகட்டுக்குக் கிழக்கே நம் தேனி மாவட்டம், கொழுக்குமலை, அதற்குக் கீழே குரங்கணி. 2018 மார்ச் 11-ஆம் தேதி அங்கே காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அது கோடை, காய்ந்த புல், உங்களுடையது மழைமாதம், இரண்டும் வேறு. ஆனால் அந்தப் பக்கத்தில் வழிகாட்டியாக இருக்கிற ஒருவருக்கு மூன்று பேர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் மனதில் என்ன ஓடும்? பாட்டியாவது எனக்குக் காப்பி கொடுத்தார், உங்களுக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் அவர் கட்சி.

மேக மாதத்தில் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் பக்கத்திலேயே பழகுங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளை முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற மாதிரித் திறந்தது, அதில் வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டி தாடகை மலையும் ஒன்று. உங்களுக்குக் காலையில் பஸ் ஏறினால் போதும். அங்கே வழிகாட்டி பின்னாலேயே போகாமல், திரும்பும்போது அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்று நீங்கள் மூன்று பேரும் முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னவர் டீ வாங்கித் தரட்டும்.

மீசைப்புலிமலைக்கு மறுபடி போனால் நாலரைக்கே எழுந்திருங்கள். அந்த வழிகாட்டி அண்ணனுக்கு நம்ம ஊர்க் காராச்சேவு ஒரு கிலோ வாங்கிப் போங்கள், மழைக்கு நன்றாக இருக்கும். உரச்சாக்குக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் நமத்துவிடும்.

அன்புடன்,
அக்கா