பழைய ஃபைபர் படகுக்கு எஞ்சின் பிராக்கெட்டும் டிரிம் டேப்பும் ஒன்றாகப் பூட்டலாமா?

முகத்துவாரத்தில் நிற்கும் 18 அடிப் பழைய படகுக்கு, எஞ்சினைப் பின்னால் தள்ளி மாட்டும் பிராக்கெட்டையும், ஓடும்போது பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும் தகடுகளான டிரிம் டேப்பையும் ஒரே நாளில் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை (டிரான்சம்) பாருங்கள்.

சுத்தியல் பிடியால் சாண் சாணாகத் தட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்றால் உள்ளே பிளைவுட் ஊறியிருக்கும். அந்த இடத்தில் சின்னத் துளை போட்டுப் பாருங்கள்: தூள் காய்ந்து வெளிறி வந்தால் சரி, கறுத்து, ஈரமாக, புளித்த மணத்தோடு வந்தால் மரத்தை மாற்றும்வரை பிராக்கெட்டைத் தொடவே கூடாது. எஞ்சின் பின்னால் தள்ளிப் போகப் போக, நெம்புகோல் போலப் பலகையை இழுக்கும். தென்மேற்குப் பருவக் கடலில் அது பிளந்தால் உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

பின்னே தள்ளும் ஒவ்வொரு அடிக்கும் எஞ்சினைச் சுமார் 1 அங்குலம் உயர்த்தலாம். பிறகு ஓட்டிப் பார்த்து, பின்பக்கம் அமிழ்வதைக் கண்டபின் டிரிம் டேப் வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு டேப்பின் அகலம், படகு நீளத்தில் அடிக்கு 1 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. உங்களுக்குப் பக்கத்துக்கு 18 அங்குல அகலம். போல்ட் துளைகளின் உள்விளிம்புக்கு எபொக்சிப் பசை தடவி, நீர் புகாமல் அடைக்கும் கடல் சீலன்ட் வைத்தே போல்ட்டை முறுக்குங்கள்.