மாமா சொல்வது ஜட்ஜ் வேலை, மகள் கேட்பது கோர்ட்டை நடத்தும் வேலை

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது. தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு சட்டம் படித்து முடித்ததும் உங்கள் மகள் ஜட்ஜ் ஆகிவிடுவாள் என்கிறார் வக்கீலான உங்கள் தம்பி. அதை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கத் துணிந்துவிட்டீர்கள். இதை நான் எதிர்க்கிறேன்.

2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, நீதிபதி பணியின் முதல் படியான சிவில் நீதிபதி தேர்வு எழுதவே குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும். ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கும் அந்த வருடங்களில் வருமானம் சொற்பம். கடன் தவணையோ மாதம் தவறாமல் வரும். அதற்குப் பிறகுதான் தேர்வே. தம்பி போட்ட கணக்கில் இது இல்லை.

உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன். வாதமோ தீர்ப்போ அவளை இழுக்கவில்லை. பள்ளியில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமுக்கு, மாவட்ட நீதிமன்றங்களுக்கெல்லாம் பொறுப்பான முதன்மை மாவட்ட நீதிபதி வந்தாராம். "அத்தனை கோர்ட்டையும் ஒரே ஆள் எப்படி மேடம் பார்த்துக்கறாங்க?" என்று கேட்டாள். அருமையான கேள்வி!

மேடையில் அமர்ந்து வழக்கு விசாரிப்பது அந்த நீதிபதியின் வேலையில் ஒரு பாதிதான். எந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், ஊழியர்களின் விடுப்பும் இடமாற்றமும், கீழ்நிலை நீதிமன்றங்களின் ஆய்வு, பதிவறையில் குவியும் வழக்குக் கட்டுகள், கட்டடப் பழுது, உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் நிலுவைக் கணக்கு எல்லாம் அவர் தலையில்தான். இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைவரும் அவரே. அலுவலகத் தலைமை ஊழியரான சிரஸ்தாதாரும், சம்மன் அனுப்புவதைக் கவனிக்கும் நாசரும் கைகொடுத்தாலும், தீர்ப்பு எழுத வேண்டிய நேரத்தை நிர்வாகம் தின்றுவிடுகிறது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் நீதிமன்ற மேலாளர் என்ற பதவி வந்தது. இதற்காகப் பதின்மூன்றாம் நிதி ஆணையம் 2010–15 காலத்துக்கு 300 கோடி ரூபாய் ஒதுக்கப் பரிந்துரைத்தது. எம்.பி.ஏ. படித்தவர்கள் இதற்கு ஏற்றவர்கள் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதத்தில், இந்தப் பதவிக்கு மூன்று மாதத்தில் விதிகள் வகுக்கும்படி உயர் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. இரண்டாம் நிலை கெசட்டட் அதிகாரிக்குக் குறையாத அந்தஸ்தும் தரச் சொன்னது. எந்த வகை வழக்கு எந்தக் கட்டத்தில் தேங்குகிறது, சம்மன் ஏன் போய்ச் சேரவில்லை, வாய்தாவுக்கு வரும் மக்களுக்கு உட்கார இடமும் கழிப்பறையும் இருக்கிறதா, கணினியில் ஏறிய விவரம் சரியா என்று பார்த்து நீதிபதியிடம் திட்டத்தோடு போய் நிற்பவர் இவர். தீர்ப்பில் மட்டும் தலையிட முடியாது. கணக்கிலும் ஒழுங்கிலும் உங்கள் மகளுக்கு இருக்கும் பிடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்து, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ. சேர்ந்தால் செலவு உங்கள் கைக்குள் நிற்கும். மேலாளர் பதவி அமையாவிட்டாலும் அந்தப் படிப்புக்கு வேறு அலுவலகங்களில் வேலை உண்டு. நடுவில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதி, நீதித்துறை அமைச்சுப் பணியில், அதாவது நீதிமன்ற அலுவலகப் பணியில், இளநிலை உதவியாளராகவும் நுழையலாம்.

பின்னாளில் சட்டத்தில் ஆசை வந்தால், பட்டம் பெற்றவர்களுக்கான மூன்றாண்டுப் படிப்பு அரசு சட்டக் கல்லூரியிலேயே இருக்கிறது. அந்த முடிவை அவள் எடுக்கட்டும். தம்பியிடம் நானே பேசுகிறேன்; அதுவரை பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும், அம்மா.