கைவிடப்பட்ட மாட்: தொடலாமா, கூடாதா?

கேள்வி: 2002-இல் வெளிவந்த ‘மாரோவிண்ட்’ விளையாட்டுக்கு யாரோ ஒருவர் அடுத்த ஆண்டே செய்து வெளியிட்ட மாட் (விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்பு) ஒன்றை இன்னமும் பயன்படுத்தி வருகிறேன். அதிலிருந்த சில பிழைகளைத் திருத்தியும் வைத்திருக்கிறேன். ஆசிரியருக்கு எழுதிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. மாட்டுடன் வரும் ரீட்மீ என்ற குறிப்புக் கோப்பிலோ, தம் அனுமதியின்றி வேறெங்கும் பதிவேற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அவரே கைவிட்டுவிட்ட ஒன்றை நான் திருத்தி வெளியிட்டால் என்ன தவறு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பராமரிப்பதை நிறுத்திவிட்டார் என்பதால் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பொருள் கொள்ளச் சட்டம் இடம் தராது. ‘டியூக் நியூகம் 3டி’ விளையாட்டின் ரசிகர்கள் உருவாக்கிய 300 லெவல்களைத் திரட்டி, மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் குறுந்தகட்டில் விற்றது. அந்த வழக்கில் 1998-இல் தீர்ப்பளித்த அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமையைக் கைவிட்டார் என்று சொல்ல வேண்டுமானால் அந்த எண்ணத்தைக் காட்டும் வெளிப்படையான செயல் ஏதேனும் இருக்க வேண்டும் என்றது. லெவல்களைச் செய்து இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும்படி ரசிகர்களை ஊக்குவித்ததால் மட்டும் விளையாட்டின் உரிமையாளர் எல்லா உரிமையையும் துறந்துவிட்டதாகாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும், உரிமையைத் துறக்க விரும்பும் ஆசிரியர் பதிப்புரிமைப் பதிவாளருக்கோ பொதுவிலோ அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. பதில் வராத மின்னஞ்சல் அந்த வகையில் சேராது.

காத்திருந்து பார்க்கலாமே என்றால், அதுவும் நடக்கிற காரியமில்லை. 2003-இல் இருபது வயதில் சொந்தப் பெயரில் வெளியிட்ட ஒருவர் எண்பது வயது வரை வாழ்ந்தால், இந்தியக் கணக்கில் அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் சேர்ந்து 2123 முடியும் வரை உரிமை நிற்கும். மாட் உலகில் வழக்கமாக நடப்பதுபோலப் புனைபெயரில் வெளியிட்டு, ஆளும் இன்னாரென்று தெரியாமலே போனால், வெளியான ஆண்டை வைத்துக் கணக்கிட வேண்டும். அப்போதும் 2063 வரை ஆகும்.

ஆகவே நான் சொல்லும் வழி, முழுத் தொகுப்பையும் மறுபடி ஏற்றாமல் உங்கள் திருத்தத்தை மட்டும் தனி இஎஸ்பி கோப்பாக (மாரோவிண்ட் ஏற்றிக்கொள்ளும் மாட் கோப்பு வகை) வெளியிடுவது. மாரோவிண்டில் பொருள்களும் ஸ்கிரிப்ட்களும் (சிறு நிரல்கள்) அவற்றின் அடையாளப் பெயரைக் கொண்டே இனங்காணப்படுகின்றன. ஒரே பெயர் இரண்டு கோப்புகளில் இருந்தால் பின்னால் ஏற்றப்படுவதுதான் செல்லும். எது பின்னால் ஏற்றப்படும் என்பதை அந்த விளையாட்டு கோப்பின் தேதியை வைத்து முடிவு செய்கிறது என்பதால், உங்கள் கோப்பின் தேதி மூலக் கோப்பின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தாலே போதும். அறைகளுக்குள் இருப்பவற்றை இடம் மாற்றியிருந்தால் இந்த வழி சிக்கலாகும். அதற்கு, மாறிய பைட்டுகளை மட்டும் தாங்கி வரும் டெல்டா பேட்ச் பொருத்தமானது. பழைய கன்சோல் விளையாட்டுகளை மொழிபெயர்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் முறை அது. மூல மாட் கையில் இருப்பவருக்கே உங்கள் திருத்தம் பயன்படும். ஆசிரியரின் மாடல்களையோ இசையையோ நீங்கள் விநியோகித்ததாக ஆகாது. திருத்திய ஸ்கிரிப்டில் அவர் எழுதிய வரிகளும் இருக்கும் என்பதால் சட்டத்தின் கண்ணில் இதுவும் முழுக்கத் தூய்மையானதென்று உறுதி கூற மாட்டேன். இருந்தாலும், அவர் விதித்த தடையை மதித்துச் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

கேள்வி: எனக்குப் பிடித்த மாட் ஆசிரியர் ஒருவர் ஏதோ மனத்தாங்கலில் தம் கோப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டார். என் கணினியில் ஒரு பிரதி இருக்கிறது. பழைய மாட்களை அழியாமல் காப்பது என்று பேசும்போது ஆசிரியரின் விருப்பம் எவ்வளவு தூரம் செல்லும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் இருக்கும்போது அவர் விருப்பத்தை மீறிப் பரப்பாதீர்கள். சேமித்து வைப்பதையும் வெளியிடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் இந்தச் சண்டைகளில் பாதி தொடங்குகிறது.

2021-இல், மாட்களைப் பகிரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளம், இனி கோப்புகளை அடியோடு அழிக்க இயலாது, காப்பகத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று விதியை மாற்றியது. உடன்படாதவர்கள் தங்கள் எல்லாக் கோப்புகளையும் அழிக்கச் சொல்லிக் கேட்க ஆகஸ்ட் 5 வரை அவகாசம் தந்தது. பலர் கேட்டார்கள். விதி மாற்றத்துக்குத் தளம் சொன்ன காரணம், பல மாட்களை ஒரே பட்டியலாக நிறுவும் ‘கலெக்ஷன்ஸ்’ வசதியில் ஒரு கோப்பு காணாமல் போனாலும் பட்டியல் முழுவதும் உடைந்துவிடும் என்பது. ஒரு வசதிக்காக எடுக்கப்பட்ட முடிவு அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விளைவு காப்பகத்துக்குச் சாதகமாகவே அமைந்தது என்பது என் கருத்து. மனக்கசப்பு ஆறிய பிறகு தம் பழைய வேலையைத் தேடி வரும் ஆசிரியருக்கும் அது கிடைக்க வேண்டுமல்லவா?

அழிவில் பெரும்பகுதி கோபத்தால் வருவதுமில்லை. 2009-இல் யாஹூ தன் இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது எண்ணற்ற ரசிகர் பக்கங்கள் போயின. நேர்மாறாக, பழைய விளையாட்டுகளுக்கான ரசிகர் திருத்தங்களைத் திரட்டி வந்த ரோம்ஹேக்கிங் தளம் 2024 ஆகஸ்டில் புதிய பதிவுகளை நிறுத்திக்கொண்டபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுச் சேமிப்பை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஒதுங்கியது. உங்கள் பிரதியைப் பொறுத்தவரை, ரீட்மீ உட்பட மூலத் தொகுப்பைப் பிரிக்காமல், தேதிகளை மாற்றாமல் வைத்திருங்கள்.

கேள்வி: நான் முதன்முதலாக ஒரு மாட் வெளியிடப் போகிறேன். அனுமதி பற்றி என்ன எழுதி வைக்க வேண்டும்?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: ‘டூம்’ விளையாட்டின் ஐடிகேம்ஸ் காப்பகத்தில் ஒவ்வொரு கோப்புடனும் ஓர் உரைக் கோப்பு வரும். இதை அடிப்படையாகக் கொண்டு மற்றவர்கள் புதிதாகச் செய்யலாமா கூடாதா, மறுவிநியோகம் செய்யலாமா கூடாதா என்பதற்கெல்லாம் அதில் ஆயத்த வரிகள் உண்டு. பொருந்தாத சொல்லை அடித்துவிட்டால் போதும். 1993-இல் பிறந்த விளையாட்டின் மாட்கள் இன்றும் குழப்பமின்றிக் கைமாறுவதற்கு இந்தச் சலிப்பூட்டும் படிவம் ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

தாராள மனம் மட்டும் போதாது, தெளிவும் வேண்டும். ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டுக்காக டோட்டா என்ற மாட்டை முதலில் உருவாக்கிய யூல், 2004-இல் அதைத் திறந்த மூலம் என்று அறிவித்து, யாரும் தம்மைக் கேட்காமலே புதிய பதிப்பு வெளியிடலாம், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்றார். பின்னாளில் தம் உரிமைகளை வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். ‘வார்கிராஃப்ட் 3’-ஐ உருவாக்கிய பிளிஸார்டும் வால்வும் வேறு இரு நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கில், அந்தச் சில வரிகளால் உரிமை போய்விட்டதா இல்லையா என்பது 2017-இல் கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் வாதப்பொருளாயிற்று. விசாரணையின்றி அதற்கு முடிவு கட்ட நீதிபதி மறுத்துவிட்டார். காசுக்கு விற்பதையும் அனுமதிக்கிறாரா, இலவசப் பகிர்வை மட்டுமா என்று யூல் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கே வேலை இருந்திருக்காது.

எனவே இவற்றை எழுதுங்கள்: திருத்தலாமா, பிற தளங்களில் ஏற்றலாமா, விற்கலாமா, குறிப்பிட்ட காலம் நீங்கள் பதில் தராமல் போனால் யார் பொறுப்பேற்கலாம். பிறரிடம் வாங்கிய டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தும் படம்), ஒலி, மாடல் ஒவ்வொன்றும் யாருடையது, எந்த நிபந்தனையில் கிடைத்தது என்பதையும் தனியே பட்டியலிடுங்கள். அவற்றுக்கு அனுமதி வழங்கும் உரிமை உங்களுக்கு இல்லை.