கையெழுத்துப் போட முதல் இதை வாசியும், தம்பி

உம்முடைய கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவுக்கு வந்து எட்டு மாதம், டொரொண்டோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மெண்டில் மூன்று பேரோடு இருக்கிறீர், வேர்ஹவுஸ் வேலை, வங்கி 2,000 டொலர் லிமிட்டில் ஒரு கடனட்டை தந்திருக்கிறது, பயணத்துக்கு ஊரில் வட்டிக்கு எடுத்த காசு இன்னும் நிற்கிறது, கூட இருக்கிற ஊர் அண்ணன் கடனில் வான் எடுக்க உம்மைக் கோ-சைன் பண்ணச் சொல்கிறார். அதோடு எந்த போன் பிளான் மலிவு, வாடகை எந்தப் பக்கம் குறைவு, போன குளிரை இரவல் ஜாக்கெட்டில் ஓட்டிவிட்டேன் இனி நல்லது எங்கே வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர். போன் பிளான் எதையாவது எடும். வாடகை இப்போது எந்தப் பக்கமும் குறைவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது அந்த வானைப் பற்றித்தான்.

கையெழுத்துப் போடாதேயும்.

எங்கள் ஊரில் சாட்சிக் கையெழுத்து என்று ஒன்று இருக்கிறது. காணி உறுதிக்குப் பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அதைத்தான் இங்கேயும் நினைத்துக்கொண்டு போடுகிறோம். இங்கே கோ-சைன் என்றால் நீர் சாட்சி இல்லை, கடன்காரர். அவர் ஒரு மாதம் கட்டாவிட்டால் உமக்கும் போன் அடிப்பார்கள், உம்முடைய கிரெடிட்டும், அதாவது ஒழுங்காகக் கடன் கட்டுகிறவர் என்ற பெயரும், விழும். நாளைக்கு அவர் வங்குரோத்து எழுதினால், கடன் கட்ட வழியில்லை என்று சட்டப்படி பதிந்தால், அவருடைய பெயரில் இருக்கிற கடன் அழிந்துவிடும், உம்முடைய பெயரில் இருக்கிறது அழியாது, முழுவதும் உம்முடைய தலையில் நிற்கும். வான் மட்டும் அவரிடம் இருக்கும், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

இதை நான் எங்கேயும் வாசித்துச் சொல்லவில்லை. 1993 தை மாதம் வந்து இறங்கினவன் நான். அப்போது எங்கட ஆட்கள் பாதிப் பேர் டொரொண்டோவில் வெலஸ்லி–பார்லிமெண்ட் தெருக்களின் பக்கத்து உயரக் கட்டடங்களில்தான். ஒரு அறை வீட்டில் ஆறு பேர், வேலை முறைக்குப் படுக்கை மாற்றிப் படுத்தோம். ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்த ஐந்து லட்சத்தில் பாதி அம்மாவின் காணியை ஈடு வைத்தது, மீதி மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. நான் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன், இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது காற்சட்டை நனைந்தது அப்படியே விறைத்துப்போகும். இப்போது வருகிற பிள்ளைகள் வைஃபை மெதுவாக இருக்கிறது என்று வீடு மாறுகிறார்கள். சரி, அதை விடுவோம், உம்மைச் சொல்லவில்லை.

1996இல் ஒருவன் வந்தான். நானும் அவனும் ஒரே ஒழுங்கை, ஒரே பள்ளிக்கூடம். விளம்பரத் தாள் போடுகிற கொந்தராத்து எடுக்கப்போகிறேன் மச்சான், வான் வேண்டும், நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். போட்டேன். எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு ஒரு நாள் அவனுடைய போன் வேலை செய்யவில்லை, மொன்றியல் போய்விட்டான் என்றார்கள். வானைப் பிடித்துக்கொண்டு போய் ஏலத்தில் விற்றுவிட்டு, ஏலக் காசு போக மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று எனக்குக் கடிதம் வந்தது. அந்த வானில் நான் ஒரே ஒரு நாள் ஏறியிருக்கிறேன், அதுவும் பின் சீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்.

அதற்குள் கடனட்டைகள் சேர்ந்துவிட்டன. முதல் கார்ட் வந்த அன்று அதை எல்லோருக்கும் காட்டினேன், ஏதோ இந்த நாடு எனக்கு மாலை போட்டமாதிரி. பிறகு தங்கச்சியின் கலியாணம் வந்தது. சீதனக் காசுக்குக் கார்ட்டைக் கொண்டுபோய் மெஷினில் பணமாக எடுத்து, ஊருக்குக் காசு அனுப்புகிற உண்டியல்காரரிடம் கொடுத்தேன். தம்பி, கடனட்டையில் சாமான் வாங்கினால், முழுப் பில்லையும் தவணைக்குள் கட்டுகிறவருக்கு குறைந்தது 21 நாள் வட்டி இல்லாமல் கிடைக்கும். மெஷினில் காசாக எடுத்தால் ஒரு நாளும் கிடையாது, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், வீதமும் கூட. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குறைந்தபட்சம் கட்டினால் போதும் என்று பில்லில் ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்து ஆறுதல்படாதேயும். ஐயாயிரம் டொலர் கடன், 19.99 வீத வட்டி என்று வையும், ஒரு மாத வட்டியே 83 டொலர். நீர் 150 கட்டினால் 67 தான் கடனில் கழியும். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம் பிடிக்கும் என்று இப்போது பில்லிலேயே எழுதவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தேடிப் பாரும், உமக்குத் தலை சுற்றும். நான் ஐந்து கார்ட் வைத்திருந்தேன், ஒன்றில் எடுத்து மற்றதுக்குக் கட்டினேன், அதைக் கெட்டித்தனம் என்றும் நினைத்தேன்.

உமக்கு ஊர்க் கடன் இருக்கிறது என்கிறீர். நூற்றுக்கு மூன்று மாத வட்டி என்றால் வருடம் 36, கடனட்டை 20 தானே, கார்ட்டில் எடுத்து ஊர்க் கடனை அடைத்தால் லாபம் என்று யாராவது கணக்குக் காட்டுவார்கள். பேப்பரில் சரியாகத்தான் வரும். ஆனால் அது ரூபாய்க் கடன், நீர் உழைப்பது டொலர். 2022இல் பார்த்தோமே, மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 இலங்கை ரூபாயளவில் நின்றது, மே மாதம் 360 ஆனது. ரூபாயில் கடன்பட்டு இங்கே உழைத்துக்கொண்டிருந்தவருக்குக் கடன் தானாகவே இளைத்தது. அதைக் கொண்டுவந்து டொலர்க் கடனாக மாற்றாதேயும். ஓவர்டைம் செய்து மாதம் மாதம் அனுப்பும்.

சீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இருபது பேர், ஆளுக்கு 500, மாதம் பத்தாயிரம். பிந்தி எடுத்தால் கழிவு குறையும் என்று நான் பொறுத்திருந்தேன். பதினாலாம் மாதம் சீட்டுப் பிடித்த அம்மா வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். ஏழாயிரம் டொலர். ரசீது இல்லை, எழுத்து இல்லை, கோயிலில் கண்டால் சிரிப்பார் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. நல்லவர்கள் பிடிக்கிற சீட்டும் இருக்கிறது, நானே அதில் கடை வைத்து முன்னேறினவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் கடன் இருக்கிறவருக்குச் சீட்டுச் சரிவராது, ஒரு மாதம் பிந்தினால் மானம் போகும், மானத்துக்குப் பயந்து திரும்பவும் கார்ட்டை இழுப்பீர்.

2003இல் எல்லாம் சேர்ந்து 31,000 டொலர். வசூல்காரர்கள் வேலை இடத்துக்குப் போன் எடுத்தார்கள், சமையல்காரப் பெரியவர் போனை எடுத்து எல்லோருக்கும் கேட்க என் பெயரைக் கூப்பிட்டார். ஒன்ராறியோவில் இன்று அவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, ஏழு நாளில் மூன்று தரத்துக்கு மேல் தொடர்புகொள்ளக் கூடாது, இரவு ஒன்பதுக்குப் பிறகு எடுக்கக் கூடாது. எனக்கு அப்போது போன் மணி கேட்டாலே வயிறு கலங்கும்.

அப்போதுதான் ரேடியோவில் தமிழில் விளம்பரம் கேட்டேன், கடன் தொல்லையா, எங்களிடம் வாருங்கள் என்று. போனேன். நல்ல தேத்தண்ணி தந்தார், ஊர் எது என்று விசாரித்தார், வங்கிகளோடு பேசித் தீர்ப்பதற்கு 1,500 டொலர் வாங்கினார். மூன்று மாதம் கழித்து, உங்களை ஒரு ட்ரஸ்டியிடம், அதாவது கடன் தீர்க்க அரச லைசென்ஸ் உள்ளவரிடம், அனுப்புகிறேன் என்றார். அந்த ட்ரஸ்டியின் கந்தோரில் முதல் சந்திப்பு இலவசம்! நான் நேரே நடந்து போயிருக்கலாம். முப்பது வருடத்தில் எங்கட ஆட்களில் எனக்கு ஆகக் கோபம் வருவது இந்த இடைத்தரகர்களில்தான், பாஷை தெரியாத பயத்தை விற்கிறவர்கள். வங்குரோத்தோ கடன் முன்மொழிவோ பதிய இந்த நாட்டில் உரிமை இருப்பது லைசென்ஸ்ட் இன்சால்வன்சி ட்ரஸ்டிக்கு மட்டும்தான், பெயர்ப் பட்டியல் மத்திய அரசின் இணையத்தளத்தில் இருக்கிறது. அவர்களுடைய கட்டணமும் சட்டத்துக்கு உட்பட்டது, நீர் கட்டுகிற காசிலிருந்தே கழியும். தமிழ் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போம்.

அந்த ட்ரஸ்டி ஒரு பெண்மணி, வெள்ளைக்காரி, அறுபது வயது இருக்கும், என்னிடம் ஏன் கடன்பட்டாய் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இரண்டு வழி என்றார். ஒன்று வங்குரோத்து. இன்றைய கணக்கில் முதல் தரம் என்றால் ஒன்பது மாதத்தில் விடுதலை, வருமானம் வரம்புக்கு மேலே என்றால் 21 மாதம். மற்றது கன்சியூமர் ப்ரொப்போசல், கடனில் ஒரு பங்கை ஐந்து வருடத்துக்குள் கட்டுகிறேன் என்று சட்டப்படி முன்மொழிவது. வீட்டுக் கடன் தவிர 250,000 டொலர் வரை இப்போது அப்படிச் செய்யலாம். எதைப் பதிந்தாலும் அன்றோடு வசூல்காரர்களும் சம்பளப் பிடிப்பும் நிற்கவேண்டும். வாகனத்தை வைத்திருக்கிறவரை அதை ஈடு வைத்து எடுத்த கடன், பிள்ளைப் பராமரிப்புக் காசு, நீதிமன்றத் தண்டப்பணம் இவை இதில் கரையாது. படிப்பை விட்டு ஏழு வருடம் ஆகாவிட்டால் அரச மாணவர் கடனும் கரையாது.

எனக்குக் கேட்டவுடன் வங்குரோத்தே போதும் என்று இருந்தது. ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை என்று உமக்குத் தெரியும், வங்குரோத்துக்காரன் என்றால் படலை திறக்கமாட்டார்கள். ஆனாலும் களைத்துவிட்டேன். அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார், யாரையாவது இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ண இருக்கிறாயா என்று. 2002இல், போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்து ஏ9 பாதை திறந்ததும் ஊருக்குப் போய்க் கலியாண எழுத்து எழுதிவிட்டு வந்திருந்தேன், மனுசி அங்கே. விடுதலை கிடைக்காத வங்குரோத்துக்காரர் குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ண முடியாது என்றார். ரேடியோக்காரர் இதைக் கேட்கவே இல்லை! ப்ரொப்போசலுக்கு அந்தத் தடை இல்லை. மாதம் 200, அறுபது மாதம், மொத்தம் 12,000 என்று போட்டோம். கடன் கொடுத்தவர்களுக்கு யோசிக்க 45 நாள். அந்த 45 நாளும் நான் தபால் பெட்டியைப் பார்க்கவே போகவில்லை, அறையில் இருந்த பொடியன்தான் போய் எடுத்து வந்தான். ஏற்றுக்கொண்டார்கள். 2005இல் மனுசி வந்தார், 2008இல் கடைசி 200 கட்டினேன். பிறகும் மூன்று வருடம் கிரெடிட் அறிக்கையில் நின்றது, அதுவரை போன் எடுக்கவும் முற்பணம் கேட்டார்கள்.

இப்போது சிலர் மார்க்கம் நகரில் பெரிய வீடு, மகளின் சாமத்திய வீட்டுக்குக் குதிரை வண்டி, மண்டபம், ஐந்நூறு சாப்பாடு, எல்லாம் வீட்டின் பேரில் எடுத்த லைன் ஒஃப் கிரெடிட் கடனில். வட்டி ஏறிய வருடம் அவர்களில் இரண்டு பேர் இரவில் எனக்கு எடுத்தார்கள், குரலைத் தாழ்த்தி, அண்ணை அந்த ட்ரஸ்டியின் நம்பர் இருக்கோ என்று. கொடுத்தேன். எனக்கு அவர்களில் கோபமில்லை, மூன்று வருடம் பிந்தி எடுத்ததில்தான் கோபம். உம்மைமாதிரி ஆட்களுக்கு இன்னொரு கண்ணி, சந்திக்குச் சந்தி நிற்கிற, சம்பள நாள் வரைக்கும் கடன் தருகிற பேடே லோன் கடைகள். நூறுக்கு 14 டொலர்தானே என்பார்கள். இரண்டு கிழமைக்கு 14, வருடக் கணக்கில் 365 வீதம். அந்தக் கதவைத் திறக்கவே வேண்டாம்.

உம்முடைய 2,000 டொலர் கார்ட்டை வெட்டி எறியச் சொல்லவில்லை. பஸ் பாஸையும் போன் பில்லையும் அதில் போட்டு மாதம் மாதம் முழுதாகக் கட்டும், பெயர் தானாக வளரும்.

என்னுடைய வான்காரனை 2015இல் ஒரு செத்த வீட்டில் கண்டேன். தலை நரைத்து, நல்ல கோட் போட்டிருந்தான். மச்சான் என்று வந்து கட்டிப்பிடித்தான், வடைத் தட்டை நீட்டினான். எடுத்தேன், என்ன செய்வது, செத்தவர் எங்கள் இரண்டு பேருக்கும் படிப்பித்த வாத்தியார். வானைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. மனுசிதான் காரில் வரும்போது முழு வழியும் கதைத்தார்.

ஊர் அண்ணனுக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருந்தால், கோ-சைன் பண்ணினால் பிறகு என்னுடைய பெயரில் ஒன்றும் எடுக்க முடியாது, வீட்டில் அப்பா வேண்டாம் என்று சத்தியம் வாங்கிவிட்டார் என்று சொல்லும். இரண்டு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவார். பிறகு வேறு யாரையாவது கேட்பார், அந்தப் பேஸ்மெண்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றீர், அவர்களுக்கும் இதைக் காட்டும்.

ஜாக்கெட் வாங்காதேயும். என் மகன் போன வருடம் வாங்கி இரண்டு தரம் போட்டது சும்மா தொங்குகிறது, உம்முடைய அளவு சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கென்னடி ஸ்டேஷனில் கொண்டுவந்து தருகிறேன்.