மெயில் எங்கே நிற்கிறது? சொந்த மெயில் சர்வர் நடத்துவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள். "மெயில் போகவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மெயிலுக்கான லாக் (சர்வரின் பதிவேடு) வரியையும் சேர்த்து அனுப்புங்கள். எதிர் சர்வர் தரும் மூன்று இலக்க எண் 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடை. உங்கள் சர்வரே மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் எதையாவது சரிசெய்யாமல் எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும்.

புது விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். மெயில் உள்ளே வருகிறது, வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் கியூவிலேயே (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) கிடக்கிறது.

லாக் வரியில் 'டிலேஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். சாய்கோடு போட்டு நான்கு எண்கள் இருக்கும். மெயில் கியூ மேனேஜரிடம் வந்து சேர ஆன நேரம், அங்கே காத்திருந்த நேரம், எதிர் சர்வரோடு இணைய ஆன நேரம், மெயிலைக் கைமாற்ற ஆன நேரம் என்று வரிசையாக நொடிக்கணக்கில் வரும். மூன்றாவது எண் 30, 60, 90 என்று நின்று, கூடவே 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றும் இருந்தால் சர்வர்கள் மெயில் கைமாற்றும் 25-ஆம் போர்ட்டின் வெளிவழி அடைபட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்பேமுக்குப் பயந்து பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் புதுக் கணக்குகளுக்கு இதை மூடியே வைத்திருக்கின்றன.

சர்வரிலிருந்து இரண்டு மூன்று பெரிய மெயில் சேவைகளின் எம்எக்ஸ் முகவரிகளுக்கு (மெயில் வாங்கும் சர்வர்கள்) 25-ல் டெல்நெட் போட்டு இணைப்பு திறக்கிறதா என்று பாருங்கள். எதுவும் திறக்கவில்லையென்றால் சப்போர்ட்டுக்கு எழுதித் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 587 வழியாக லாகின் செய்து அனுப்பும் ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கி அனுப்பித் தருவது) ஒன்றைப் பிடிக்க வேண்டியதுதான். பெறுநரின் சர்வருக்கே நேராக 587-ல் அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. அது அங்கே கணக்கு வைத்திருப்பவர்களுக்கான வாசல்.

ஜிமெயிலுக்குச் சில மெயில்கள் போகின்றன, சில 550 5.7.25 என்று திரும்புகின்றன. அமைப்பில் எதையும் மாற்றவில்லை.

5.7.25 என்றால் அனுப்பும் ஐபிக்குப் பிடிஆர் ரெக்கார்ட் (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) இல்லை, அல்லது அது காட்டும் பெயர் அதே ஐபிக்குத் திரும்பி வரவில்லை என்று பொருள். சில போய்ச் சில போகாததுதான் துப்பு. உங்கள் சர்வருக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் இருக்கும். பிடிஆரை ஐபிவி4-க்கு மட்டும் போட்டிருப்பீர்கள். எதில் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லிவைக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஐபிவி6-ல் போனது திரும்பி வருகிறது.

பிடிஆரை டொமைன் வாங்கிய இடத்தில் தேடாதீர்கள். ஐபியைக் கொடுத்தவரின் கண்ட்ரோல் பேனலில்தான் அது இருக்கும். ஐபிவி6-க்கும் அதே ஹோஸ்ட் பெயரைப் போட்டு, அந்தப் பெயருக்கு குவாட்-ஏ ரெக்கார்டும் (பெயருக்கு ஐபிவி6 முகவரி தரும் பதிவு) சேருங்கள். ஹெலோவில் (இணைப்பின் தொடக்க அறிமுகம்) சர்வர் சொல்லும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். எஸ்பிஎஃப்பில் (உங்கள் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற ஐபிகளின் பட்டியல்) ஐபிவி6 முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரைக்கும் 'இநெட் புரோட்டோகால்ஸ்' அமைப்பை ஐபிவி4 என்று மாற்றி போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்தால் வேலை ஓடும்.

நேற்று முதல் உள்ளே வரும் அத்தனை மெயிலும் 'பிளாக்லிஸ்டில் உள்ளது' என்று நிராகரிக்கப்படுகிறது. டிஎன்எஸ் ரிசால்வரை (பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் சர்வர்) கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8-க்கு மாற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

காரணமே அதுதான். பிளாக்லிஸ்ட் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் தன் இலவசப் பட்டியலைப் பொது ரிசால்வர்கள் வழியாகக் கேட்டால் உண்மையான பதிலைத் தராது, 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் தரும். எந்தப் பதில் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறார்' என்று உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்வதால் நல்லவர்களும் வெளியே நிற்கிறார்கள்.

முதலில் ஸ்பாம்ஹவுஸைக் கேட்கும் விதியை போஸ்ட்ஃபிக்ஸிலிருந்து எடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள், மெயில் வரட்டும். பிறகு சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளை நிறுவி, ரிசால்வராக 127.0.0.1-ஐக் கொடுங்கள். அன்பவுண்டை 8.8.8.8-க்கே ஃபார்வர்ட் செய்யும்படி அமைத்தால் பழைய கதைதான். விதியைத் திரும்பச் சேர்க்கும்போது ஸ்பாம்ஹவுஸின் ஜென் பட்டியலின் பெயரோடு நிறுத்தாமல், =127.0.0.[2..11] என்று எல்லையும் எழுதுங்கள். இனி பிழைக்குறி வந்தாலும் மெயில் நிற்காது. நிராகரிக்கப்பட்டவை 5-ல் தொடங்கும் எண்ணோடு போயிருந்தால் திரும்பி வரமாட்டா. முக்கியமானவர்களிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

எஸ்பிஎஃப் போட்டும் 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்கிறது.

எஸ்பிஎஃப் ரெக்கார்ட் டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதுச் சேவை சேர்க்கும்போது இரண்டாவதாக ஒன்றைப் போட்டிருப்பீர்கள், ஒன்றாக்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் டிஎன்எஸ் தேடல்களை எண்ணுங்கள், 10-ஐத் தாண்டக்கூடாது. இன்க்ளூடுக்குள் (வேறு டொமைனின் எஸ்பிஎஃப்பைச் சேர்க்கும் சொல்) இருக்கும் இன்க்ளூடும் கணக்கில் சேரும். ஐபிவி4, ஐபிவி6 முகவரிகளை நேரடியாக எழுதினால் கணக்கில் வராது.

பயனர் ஒருவருக்கு வருவதை அவருடைய வெளிக்கணக்குக்கு ஃபார்வர்ட் செய்கிறோம். பாதி நிராகரிக்கப்படுகிறது.

மூல அனுப்புநரின் எஸ்பிஎஃப்பில் உங்கள் ஐபி இல்லை, அதனால் தோற்கிறது. போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற நிரலை நிறுவினால் என்வலப் அனுப்புநர் (சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி) உங்கள் டொமைனுக்கு மாறும், எஸ்பிஎஃப் தேறும். ஆனால் டிமார்க் (ஃப்ரம் முகவரி போலியா என்று பார்க்கும் சோதனை) கேட்பது ஃப்ரம் முகவரியின் டொமைனை. அந்தச் சோதனை தேற மூல மெயிலின் டிகிம் கையெழுத்து (அனுப்பும் டொமைன் இடும் டிஜிட்டல் முத்திரை) சிதையாமல் போக வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: 'சென்டர் கனானிகல் கிளாஸஸ்' அமைப்பை 'என்வலப் சென்டர்' என்று மட்டும் வையுங்கள். விட்டுவிட்டால் ஃப்ரம் வரியையும் சேர்த்து மாற்றி, கையெழுத்தைக் கெடுத்துவிடும். சப்ஜெக்டில் 'ஸ்பேம்' என்று ஒட்டுவதும், அடியில் குறிப்பு சேர்ப்பதும் அப்படியே. ஸ்பேமை வடிகட்டிய பிறகே ஃபார்வர்ட் செய்யுங்கள். இல்லையென்றால் கெட்ட பெயர் உங்கள் ஐபிக்குத்தான்.

8 எம்பி ஃபைல் 'சைஸ் லிமிட்' என்று திரும்புகிறது. வரம்பு 10 எம்பி ஆயிற்றே?

மெயிலில் இணைக்க பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாறும்போது ஃபைல் தன் அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கூடுதல் பெரிதாகும். 8 எம்பி கிட்டத்தட்ட 11 ஆகிவிடும். 25 எம்பி வரை அனுமதிக்க 'மெசேஜ் சைஸ் லிமிட்'டை 36700160 என்று வையுங்கள். பெறுநர் பக்கத்து வரம்பு வேறு.

கியூவில் திடீரென்று பதினாலாயிரம் மெயில்கள். நாங்கள் அனுப்பவில்லை.

யாரோ ஒருவரின் பாஸ்வேர்ட் போயிருக்கிறது, அல்லது வெப்சைட் ஸ்கிரிப்ட் ஒன்று திறந்து கிடக்கிறது. 'டெஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ்' அமைப்பில் எஸ்எம்டிபி என்று போட்டு ரீலோட் செய்யுங்கள். வெளியே போவது நிற்கும், உள்ளே வருவது வரும். பிறகு லாகில் 'சாஸ்ல் யூசர்நேம்' (லாகின் செய்தவரின் பெயர்) என்ற இடத்தில் எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெயரே இல்லாமல், அனுப்புநர் வெப் சர்வரின் கணக்கு என்றிருந்தால் ஸ்கிரிப்டைத் தேடுங்கள். பாஸ்வேர்டை மாற்றியதும் போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்; இல்லையென்றால் ஏற்கெனவே லாகின் ஆன இணைப்பு பழைய பாஸ்வேர்டிலேயே தொடரும்.

கியூவை மொத்தமாக அழிக்காதீர்கள், தயவுசெய்து. அதற்குள் உங்கள் பயனர்களின் நிஜக் கடிதங்களும் இருக்கின்றன. அந்த அனுப்புநரின் கியூ ஐடிக்களை மட்டும் எடுத்து போஸ்ட்சூப்பர் கட்டளைக்குக் கொடுத்து அழியுங்கள். பிளாக்லிஸ்டிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பிப்பது கடைசி வேலை. ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் மறுபடி பட்டியலில் ஏறுவீர்கள்; அடுத்த முறை நீங்குவது இன்னும் கடினம்.